பித்தும் பிரமையும்: சமய அனுபவ மொழிபெயர்ப்பில் நோய்ச்சொற்கள்

1. சிக்கலின் இயல்பு

சமய அனுபவத்தைக் கூறும் பனுவல் ஒன்று வேற்றுமொழிக்குச் செல்லும்போது, அவ்வனுபவம் நம்பிக்கையா, நோயா என்னும் தீர்ப்பும் பல வேளைகளில் அதனுடன் சென்றுவிடுகிறது. மூலத்தில் இரு பொருளுக்கும் இடந்தந்து நின்ற சொல் பெயர்ப்பில் ஒரு பொருளுக்கே உரியதாகிறது. மருத்துவர் ஆராயுமுன்னரே மொழிபெயர்ப்பாளர் முடிவு கூறிவிடுகிறார். இது நடையழகு பற்றிய குறை மட்டுமன்று. ஒருவரை நோயாளி என்று அழைப்பதும், நோயுற்ற ஒருவரை அருள்பெற்றவர் என்று அழைத்து மருத்துவத்தினின்று விலக்குவதும் வாழ்வைப் பாதிக்கும் செயல்கள். ஆதலின் இத்துறைச் சொற்களின் பெயர்ப்பு தனித்து ஆராயத்தக்கது. வங்காளத்து இராமகிருஷ்ணர் பற்றிய நூல்கள், உளமருத்துவ வரையறைகள், தமிழ்க் கலைச்சொற்கள் ஆகிய மூன்றும் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன.

2. ஒரு சொல், இரு துறை

'உன்மாதம்' என்னும் வடசொல் இந்திய மொழிகள் பலவற்றில் வழங்குவது. களிப்பையும் மயக்கத்தையும் ஒருங்கே குறிக்கும் 'மத்' என்னும் வேரினின்று பிறந்தது. சரக சங்கிதை இதனை நோய்ப்பெயராக ஆள்கிறது. மனம், புத்தி, உணர்வு, நினைவு, பக்தி, சீலம், செயல், ஆசாரம் ஆகிய எட்டும் நிலைதிரிதலே உன்மாதம் என்பது அந்நூலின் கருத்து. இங்குப் 'பக்தி' என்பது விருப்பம் என்னும் பொருளது, இறையன்பைக் குறிப்பதன்று. ஒருவருடைய விருப்புவெறுப்புகள் வழக்கத்துக்கு மாறாகத் திரிவதே ஈண்டுச் சுட்டப்படும் அறிகுறி. இச்சொல்லை அவ்வாறே தமிழில் நிறுத்தினால், இறைப்பற்றின் மிகுதியை மருத்துவநூல் நோயென்று கூறுவதாகப் படிப்போர் மயங்குவர். வடிவம் மாறாத சொல்லே பெயர்ப்பில் மிகுதியும் ஏமாற்றவல்லது என்பதற்கு இஃது ஏற்ற சான்று.

அந்நூல் உன்மாதத்தை ஐவகைப்படுத்துகிறது. வளி, பித்தம், கபம் ஆகியவற்றால் தனித்தனியே வருவன மூன்று. அவை கூடி வருவது ஒன்று. தெய்வம், கந்தருவர் முதலிய புறக்காரணத்தால் வருவது ஒன்று. ஆகவே பண்டை மருத்துவத்தில் நோய்க்கூற்றும் தெய்வக்கூற்றும் எதிரெதிர் அணிகளாக நிற்கவில்லை. தெய்வமும் ஆராயத்தக்க காரணங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது.

தமிழிலும் நிலை இதுவே. பித்தம் உடற்கூறு, பித்து மனத்தின் நிலை, பித்தன் சிவனுக்குரிய பெயர். சுந்தரர் தம்மைத் தடுத்தாட்கொண்ட இறைவனை அப்பெயராலேயே விளித்தார் என்பது பெரியபுராணச் செய்தி. 'உன்மத்தம்' என்னும் சொல்லின் திரிபாகிய ஊமத்தை, அறிவை மயக்கும் நச்சுச்செடியாகவும் சிவனுக்குரிய பூவாகவும் ஒருங்கே விளங்குகிறது. இவ்விருபொருண்மை மொழியின் குறைபாடன்று. முடிவுகூற அரிதாகிய ஓர் அனுபவத்தை முடிவுகூறாமலே பெயரிட்டு வைத்த திறன் எனலாம்.

3. இராமகிருஷ்ணர் பனுவல்கள்

தட்சிணேசுவரத்துக் காளிகோயில் 1855ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அங்கு அருச்சகராக அமர்ந்த இராமகிருஷ்ணரின் (1836-1886) நடத்தை சில ஆண்டுகளில் பிறருக்கு அச்சமூட்டும் வகையில் மாறியது. உறக்கம் நீங்கிற்று, வழிபாட்டு முறைகள் பிறழ்ந்தன. சுற்றத்தார் பித்து என்றனர்; ஆயுர்வேத மருத்துவமும் செய்யப்பட்டது; திருமணம் செய்தால் மனம் நிலைப்படும் என்று கருதி 1859இல் அதனையும் முடித்தனர். தாம் பித்துற்றோமோ என்னும் ஐயம் அவருக்கே இருந்தது. 1861இல் அங்கு வந்த பைரவி பிராமணி என்னும் துறவிப் பெண், இது நோயன்று, பக்திநூல்கள் கூறும் 'மகாபாவம்' என்றார். அவர் தம் கூற்றை வெறும் நம்பிக்கையாக விடவில்லை. இராதையிடத்தும் சைதன்யரிடத்தும் காணப்பட்டனவாக நூல்கள் கூறும் குறிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அறிஞர் அவையிலும் அதனை நிறுவ முற்பட்டார்.

இந்நிகழ்ச்சியை அறிவுக்கும் நம்பிக்கைக்கும் நிகழ்ந்த போராக வருணிப்பது பொருந்தாது. மருத்துவர் குறிகண்டு காரணம் தேடினார். பைரவியும் குறிகண்டு நூற்சான்று தேடினார். இருவரும் ஏரண முறையையே கையாண்டனர். எடுத்துக்கொண்ட அளவைகளே வேறு. இதனைப் பெயர்ப்பில் காட்டவேண்டுமாயின் 'உன்மாதம்' என்னும் சொல் ஈரிடத்தும் ஒன்றாகவே நிற்றல் வேண்டும். சுற்றத்தார் சொன்ன சொல்லை ஒன்றாகவும் அடியார் சொன்ன சொல்லை வேறாகவும் பெயர்த்தால், வழக்காடிய இரு தரப்பினரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசியதாகிவிடும்.

மகேந்திரநாத் குப்தரின் வங்கநூலாகிய 'கதாமிருதம்' 1902 முதல் 1932 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. அதில் 'பிரேமோன்மாதம்', 'ஞானோன்மாதம்' போன்ற தொடர்கள் இயல்பாக வருகின்றன. ஆங்கிலத்தில் இத்தகைய நிலைகளை 'இறைமயக்குற்ற' என்னும் பொருள்படும் அடைகளால் குறிக்கும் வழக்கு வேரூன்றியது. வேர்ப்பொருளை நோக்கினால் அது தவறன்று. 'மத்' என்பதில் மயக்கமும் உண்டு. ஆனால் நோய்ப்பெயரின் நிழல் அகன்றுவிடுகிறது. மூலத்தைப் படிக்கும் வங்காளி, பித்தர் மருத்துவமனைக்குரிய சொல்லையே அன்புக்கும் கேட்கிறார். அந்த அதிர்ச்சி ஆங்கில வாசகருக்குக் கிட்டுவதில்லை. 1942இல் வெளிவந்த சுவாமி நிகிலானந்தரின் முழுநூற் பெயர்ப்பு, நடையிலும் பரப்பிலும் பெரும்பணி என்பதில் ஐயமில்லை. எனினும் ஆங்கில வாசகருக்கு ஈடுபாடு தராதனவெனக் கருதிய சில பக்கங்களை விலக்கியதாக அதன் முன்னுரையே கூறுகிறது.

எதிர்த்திசையிலும் பிழை நேர்ந்தது. ஜெஃப்ரி கிரைபாலின் 'காளியின் குழந்தை' (1995) உளப்பகுப்பாய்வு நோக்கில் இவ்வனுபவங்களை விளக்கியபோது எழுந்த நீண்ட வழக்கு, பெரிதும் வங்கச் சொற்களின் பெயர்ப்பைப் பற்றியதாகவே அமைந்தது. மடியைக் குறிக்கும் 'கோல்' போன்ற எளிய சொற்களுக்கு ஏற்றப்பட்ட பாலியற் பொருளைச் சுவாமி தியாகானந்தர் 2000இல் மறுத்தார். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே கிரைபால் சில பெயர்ப்புகளைத் திருத்தியிருந்தார். முன்னையோர் சொல்லைத் தூய்மைப்படுத்தினர்; பின்னையோர் அதனை நோய்க்குறியாக்கினர். இரண்டும் மூலம் திறந்துவைத்த வாயிலை அடைத்தனவே.

4. வரையறையில் அமைந்த விலக்கு

உளமருத்துவத்தில் 'டெலூஷன்' என்னும் சொல்லே இச்சிக்கலின் மையம். அமெரிக்க உளமருத்துவக் கழகக் கையேட்டின் நான்காம் பதிப்பு (1994) அதனைப் புறவுலகு பற்றிய பிழையான அனுமானத்தில் எழுந்து, மறுக்கவியலாத சான்றுக்குப் பின்னும் விடாது பற்றப்படும் பொய்ந்நம்பிக்கை என வரையறுத்தது. அவருடைய பண்பாட்டைச் சேர்ந்த பிறர் பொதுவாக ஏற்கும் நம்பிக்கைகளுக்கு விலக்கும் அளித்தது. சமயக்கொள்கை அதற்கு எடுத்துக்காட்டாகச் சுட்டப்பட்டது. ஐந்தாம் பதிப்பின் (2013) முதன்மைப் பகுதியில் 'பொய்' என்னும் சொல் இடம்பெறவில்லை; மாறான சான்று கண்டும் மாறாமையே முன்னிறுத்தப்பட்டது. எனவே, பழைய வரையறையையொட்டிய 'பொய்ந்நம்பிக்கை' போன்ற தமிழாக்கங்கள் புதிய வரையறைக்கு முற்றும் ஒத்துவாரா.

விலக்கின் தருக்கமும் நோக்கத்தக்கது. பலர் ஏற்பின் நம்பிக்கை, ஒருவர் மட்டும் கொள்ளின் நோய் என்னும் அளவை, கூட்டத்தோடு இசைந்தவரையே காக்கும். இராமகிருஷ்ணரை இவ்வளவையால் நோக்கினால், 1861க்கு முன் அவருக்கு விலக்கில்லை. பைரவி ஒரு நூன்மரபைக் காட்டிய பின்னரே விலக்கு உண்டு. அவருடைய அனுபவம் மாறவில்லை. அதற்குரிய பெயரும் அப்பெயரை வழங்கும் குழுவுமே கிடைத்தன. சொல் நோயை ஆக்குகிறது என்று இதற்குப் பொருளன்று. நோய் என்று கூறும் உரிமையைச் சொல்லே வரையறுக்கிறது என்பதே கருத்து.

இந்தியாவின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017, இதற்கு எதிர்முனையில் நிற்கிறது. அதன் 3ஆம் பிரிவு, ஒருவர் தம் சமூகத்தில் நிலவும் சமய நம்பிக்கைகளோடு இசையாமையைக் காரணமாகக் கொண்டு மனநோயை நிர்ணயித்தலாகாது என்கிறது. கையேடு இசைந்தவரைக் காக்க, சட்டம் இசையாதவரைக் காக்கிறது. 'சமய நம்பிக்கையை நோயாகக் கருதலாகாது' என்று இப்பிரிவைச் சுருக்கி மொழிபெயர்த்தால், சட்டம் காக்க முற்பட்டவரே விடுபட்டுப்போவர்.

5. தமிழ்க் கலைச்சொற்கள்

தமிழில் 'டெலூஷன்' என்பதற்குப் பிரமை, மருட்சி, திரிபு, தவறான நம்பிக்கை எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் பிரமை எழுத்தமைப்பாலேயே இடர்தருவது. மயக்கம் எனப் பொருள்படும் 'ப்ரம' என்பதும், தருக்கநூல்களில் மெய்யறிவைக் குறிக்கும் 'ப்ரமா' என்பதும் தமிழில் 'பிரமை' என ஒரே வடிவு பெறும். பொய்யறிவும் மெய்யறிவும் ஒரே வரிவடிவில் கலக்குமாயின், தத்துவமும் உளவியலும் சந்திக்கும் கட்டுரையில் அச்சொல் பயன்படாது.

ஃபிராய்டின் 1927ஆம் ஆண்டு நூல் பிறிதொரு சோதனை. அவர் பிழை, இல்லூஷன், நோய்த்திரிபு ஆகிய மூன்றையும் வேறுபடுத்தினார். விருப்பத்தால் உந்தப்படுவது இல்லூஷன். அது பொய்யாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. உண்மையோடு முரணுதல் நோய்த்திரிபின் இயல்பு. சமயக்கொள்கைகளை அவர் முதற்கண் இல்லூஷன் என்றார். அவற்றுள் சிலவற்றையே நோய்த்திரிபோடு ஒப்பிடலாம் என்றார். இதனை 'மாயை' எனப் பெயர்ப்பது எளிது. ஆனால் சைவசித்தாந்தத்தில் மாயை உள்பொருள், உலகின் முதற்காரணம். உயிரின் அறிவை மறைப்பது ஆணவம். மாயையோ விளக்குப்போல் சிறிது அறிவை விளக்குவது. ஆகவே சித்தாந்தம் பயின்றவர் 'சமயம் ஒரு மாயை' என்னும் தொடரை ஃபிராய்டு கருதியதற்கு நேர்மாறாகக் கொள்ளவும் இடமுண்டு. 'விழைவுத் தோற்றம்' போன்ற வெளிப்படைச் சொல், புதிதாயினும் பிழைபடாது.

'பகுத்தறிவு' என்பதும் அத்தகையதே. தமிழகத்தில் 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்துக்குப் பின் அச்சொல் சமயமறுப்பைத் தன்னுள் ஏற்றது. மருத்துவக் குறிப்பில் 'நோயாளி பகுத்தறிவு இழந்தார்' என எழுதின், அவர் சிந்தனைத்திறன் குன்றினாரா, கடவுளை நம்பத் தொடங்கினாரா என்னும் ஐயம் எழும். அங்கே 'சீர்தூக்கும் திறன்' போன்ற நடுநிலைத் தொடரே தக்கது.

6. மறுபுறப் பிழை

நோயை நம்பிக்கை எனப் பெயரிடும் பிழை இதனினும் கொடியதாதல் கூடும். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்கா சூழலில் நடந்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்டு 6 அன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் 95ஆம் பிரிவில் எவ்வடிவிலும் தடைசெய்கிறது. 'பேய்பிடித்தல்' என்னும் சொல் காரணத்தைத் தானே கூறிவிடுவதால், வேறு காரணம் தேடும் தேவையை நீக்கிவிடுகிறது.

ஆயினும் வழிபாட்டிடம் யாவும் கொடுமைக்களம் என்பதும் உண்மையன்று. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து பெங்களூர் மனநல நிறுவனத்தார் 2002இல் வெளியிட்ட கட்டுரை, நோய்க்குறி அளவெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. ஆதரவான சூழலே காரணமாகலாம் என்றது. ஒப்பீட்டுக்குழு அதில் இல்லை. இதனைத் தமிழில் 'குணமடைந்தனர்' என எழுதினால் குறைதலும் நீங்குதலும் ஒன்றாகிவிடும். 'அறிகுறிகள் தணிந்தன' என்பதே அளவான பெயர்ப்பு.

7. முடிவு

மேற்கண்டவற்றால் மூன்று நெறிகள் பெறப்படும். மூலம் ஒரே சொல்லால் நோயையும் அருளையும் குறிப்பின், பெயர்ப்பும் ஒரே சொல்லைக் காக்கவேண்டும்; 'உன்மாதம்' என்பதற்குப் 'பைத்தியம்' என்பதனினும் 'பித்து' ஏற்றதாதல் இதனால். மூலம் வேறுபடுத்தியவற்றைப் பெயர்ப்பு ஒன்றாக்கலாகாது. ஃபிராய்டின் மூன்று சொற்களுக்கு மூன்று சொற்கள் வேண்டும். காரணத்தைக் கூறாத சொல்லுக்குக் காரணம் கூறும் சொல்லை ஈடாக வைத்தலாகாது. நம்பிக்கைக்கும் நோய்க்கும் இடையிலான எல்லையை வகுப்பது மருத்துவர், உறவினர், உரியவர் ஆகியோர் கூடி ஆராயவேண்டிய செயல். அவ்வாராய்ச்சி தொடங்குமுன்னரே மொழி அதனை முடித்துவிடாமல் காப்பது மொழிபெயர்ப்பாளர் கடன்.