சாரலில் 401 குதிரைகள்

பதினெட்டு வயதில் எடுக்கும் கார் லைசென்ஸ் ஆல்டோவுக்கும் செல்லும், ஃபோர்டு மஸ்டாங் ஜிடி-க்கும் செல்லும். நம் சட்டம் வண்டியின் எடையைப் பார்க்கிறது. எஞ்சினின் சக்தியைப் பார்ப்பதில்லை. சிட்னியிலோ மெல்போர்னிலோ புதிதாக லைசென்ஸ் வாங்கும் பிள்ளைகளுக்கு இப்படி வழி திறந்து கிடக்காது. டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள காரை அங்கே முதல் சில வருடங்கள் ஓட்டக்கூடாது. மஸ்டாங் அந்தக் கணக்கில் 160-ஐத் தாண்டும். ஸ்விஃப்ட் 70-ஐ ஒட்டி நிற்கும்.

அந்த 70-இல் இருந்து 160-க்குத் தாவியிருக்கிறான் என் அத்தை மகன். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவன். லைசென்ஸ் எடுத்துச் சில வருடங்கள்தான் ஆகின்றன. தென்காசியில் ஓட்டியதெல்லாம் வீட்டு ஸ்விஃப்ட். இப்போது செகண்ட் ஹேண்டில் மஸ்டாங் வாங்கியிருக்கிறான். சாரல் காலம் முழுக்க நானும் அவனும் மாறி மாறி ஓட்டினோம்.

2016 ஜூலையில் 65 லட்சம் ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகமான கார் இது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை ஓடிக்கொண்டிருந்த காலம். ஆனாலும் மஸ்டாங் அமெரிக்காவில் முழுதாகச் செய்யப்பட்டுக் கப்பலேறித்தான் வந்தது. பி.எஸ்.6 விதி வந்த 2020-க்குப் பிறகு இங்கே விற்பனை இல்லை. ஆகவே இன்று வாங்குவதென்றால் பழைய வண்டிதான். ஐந்து லிட்டர் வி8 எஞ்சின், 401 குதிரைத்திறன், 515 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். பழைய 1.2 லிட்டர் ஸ்விஃப்ட்டின் டார்க் 113. அத்தனை இழுவையும் பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போகிறது.

பின்சக்கர இயக்கம் நம்மூருக்குப் புதிதல்ல. அம்பாசிடர், பத்மினி, ஆம்னி, சுமோ, குவாலிஸ், இன்னோவா கிரிஸ்டா எல்லாமே பின்சக்கரத்தால் தள்ளப்பட்டவைதான். செங்கோட்டையில் இருந்து ஆரியங்காவுக்கு அம்பாசிடரில் சவாரி அடித்த ஒரு பழைய டிரைவர் அண்ணாச்சியிடம் இந்த வண்டியைக் காட்டினோம். பானட்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் அத்தை மகனிடம் சொன்னார்: "தம்பி, மிதிக்கதுக்கு எல்லாரும் சொல்லித் தருவாங்க. காலை எடுக்கதுக்குப் பழகு. மழையில பட்டுனு எடுத்தா பின்னாடி போயிரும்லா."

இந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுதும் இருக்கிறது. டயருக்குச் சாலையில் கிடைக்கும் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி: திரும்புவதற்கும் இழுப்பதற்கும் அதற்குள்ளேதான் பங்கு போட வேண்டும். முன்சக்கரக் காரில் வளைவில் அதிகமாக மிதித்தால் மூக்கு வெளியே போகும். காலை எடுத்தால் தானாக உள்ளே வரும். வருடக் கணக்காக அதில் ஓட்டியவரின் கால், பயந்தால் எடுத்துவிட வேண்டும் என்று பழகியிருக்கும். மஸ்டாங்கில் அதிகமாக மிதித்தால் வெளியே போவது வால். அப்போது காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்சக்கரங்கள் லேசாகும், வால் இன்னும் வேகமாகச் சுழலும். மெல்லத் தளர்த்த வேண்டும். போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். படித்தால் எளிது. காலுக்கு இது ஏறுவதற்கு மாதக்கணக்காகும்.

திருநெல்வேலி சாலையில் இந்தக் கார் மயக்குகிறது. பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளம் நோக்கிப் போகும் அகலமான சாலை, காய்ந்த தார், காலை வெயில். பெடலை லேசாகத் தொட்டாலே அந்த வி8 அடிவயிற்றில் இருந்து உறுமுகிறது. அந்தச் சத்தத்துக்காகவே இதை வாங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2015 மாடலில் இருந்து பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் மேடுபள்ளத்திலும் வால் அடங்கியே இருக்கிறது. நேர் சாலையில் புதியவரும் ஒரே நாளில் கைதேர்ந்தவர் போல உணர்வார். எனக்குக் கவலை தரும் இடமே அதுதான்.

குற்றாலத்தில் நிலைமை வேறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெய்யும் சாரல், பெருமழையைவிட ரப்பருக்குப் பொல்லாதது. பெருமழை சாலையில் இருக்கும் எண்ணெயையும் தூசியையும் அடித்துக்கொண்டு போய்விடும். சாரல் அதை ஈரமாக்கிப் பூசிவிட்டுப் போகும். பேரருவியில் இருந்து ஐந்தருவிக்குப் போகும் பாதையில், குறுகிய வளைவில், தலையில் துண்டோடு குடும்பம் குடும்பமாக ஆட்கள் நடந்து வருகிறார்கள். அங்கே 515 நியூட்டன் மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. புளியரை எஸ் வளைவில் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் ஊர்ந்து ஏறும்போது, அவற்றை முந்த நினைக்கிற நொடிதான் இந்தக் காரில் ஆபத்தான நொடி. திரும்பிக்கொண்டே மிதிக்க வேண்டியிருக்கும். சாலையும் ஈரமாக இருக்கும். அங்கே முந்தவே கூடாது.

டாஷ்போர்டில் வரிசையாக இருக்கும் சுவிட்சுகளில் ஒன்று ஓட்டும் மோடை மாற்றும். நார்மல், ஸ்போர்ட் பிளஸ், டிராக், ஸ்னோ/வெட் என்று நான்கு. புதியவருக்கு நான் பரிந்துரைப்பது கடைசியைத்தான். பெடலை எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சின் நிதானமாகவே சக்தியைக் கொடுக்கிறது. வால் அசையத் தொடங்கியதுமே ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஒரு சக்கரத்தைத் தனியாகப் பிரேக் பிடித்து நேராக்கிவிடுகிறது. டிராக் மோடில் அந்தக் காவல் பெருமளவு விலகிக்கொள்ளும். பொதுச் சாலையில் அதைத் தொடவே தேவையில்லை.

ஆனால் எந்த எலெக்ட்ரானிக்ஸும் டயரில் இல்லாத பிடியை உண்டாக்காது. பழைய மஸ்டாங்குகள் அதிகம் ஓடியிருக்காது. டயரின் பட்டன் புதுசு போலவே தெரியும். ரப்பரோ ஷெட்டில் நின்ற வருடங்களில் இறுகிப் போயிருக்கும். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் நான்கையும் மாற்றிவிட்டுத்தான் சாரலில் இறக்க வேண்டும். விலை பேசும்போதே அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

ஊருக்குள் ஓட்டும் சிரமத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அகலம் 1.9 மீட்டருக்கு மேல்; கோயில் பக்கத் தெருக்களில் எதிரே ஆட்டோ வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி சுமார் 14 சென்டிமீட்டர். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். நம் ஊர்களில் இருப்பவை அந்த விதியைப் படித்துப் போட்டவை அல்ல. சாய்வாக ஏறி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கினால் அடி தட்டாது.

வாங்கலாமா? இந்த வண்டிமீது எனக்கு ஆசை இருக்கிறது. இருந்தும் லைசென்ஸ் எடுத்த கையோடு வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பின்சக்கர இயக்கத்தை முதலில் குறைந்த சக்தியில் பழகுங்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயிலும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் ஓடும் ஃபார்முலா எல்ஜிபி கார்களில் இருப்பது ஸ்விஃப்ட் எஞ்சின்தான். ஆனால் அது பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது. பயிற்சி வகுப்பில் அப்படி ஒன்றில் வால் சுழன்றால் தடத்தின் ஓரத்தில் நிற்பீர்கள். எதிரே லாரி வராது. சாலையிலேயே பழக வேண்டுமென்றால், செங்கல்பட்டு அருகே மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவான பிஇ 6 மின்சார கார் நல்ல படி. பெரிய பேட்டரி மாடலில் 286 குதிரைத்திறன், அதுவும் பின்சக்கர இயக்கம். டன் கணக்கில் 100 கிலோவாட்டை ஒட்டி வரும், வேகத்தடைக்கும் அஞ்ச வேண்டாம்.

என் அத்தை மகன் ஏற்கெனவே வாங்கிவிட்டான். புது டயர் போட்டாயிற்று. ஸ்னோ/வெட் மோடை ஐப்பசி அடைமழை முடியும்வரை மாற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். கோவையில் பயிற்சி வகுப்புக்குப் பெயரும் கொடுத்திருக்கிறான். அதுவரை புளியரைப் பக்கம் போவதென்றால் ஸ்விஃப்ட்தான்.