வல்லாரையும் புண்ணாற்றும் ஆய்வும்

மூலிகைகளைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளுள் பல இருவகைப்படும். ‘முன்னோர் அன்றே கண்டனர், விஞ்ஞானம் இன்று ஒப்புக்கொண்டது’ என்று முடிவன ஒருவகை. பாட்டி வைத்தியம் முழுவதும் மூடநம்பிக்கை எனத் தள்ளுவன மற்றொரு வகை. ஆய்வு எதனைக் காட்டிற்று, எதனைக் காட்டவில்லை என்று பொறுமையுடன் நோக்குவார் இருவகையாரிலும் சிலரே. வல்லாரை இதற்குத் தக்க சான்றாகும்.

மலாய் மக்கள் பெகாகா என வழங்கி உலாமாக உண்ணும் இக்கீரையைத் தமிழர் நினைவாற்றலுக்கு உரியதெனப் போற்றுவர். அரைத்துப் புண்ணுக்கும் இடுவர். 1941ஆம் ஆண்டில் பொந்தேம் என்பார் இதனின்று ஏசியாட்டிகோசைடு என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1956இல் பொய்தோ, ரத்சிமமங்கா என்னும் இருவர் அப்பொருளின் புண்ணாற்றும் இயல்பைக் குறித்து எழுதினர்.

1999இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. கினிப்பன்றிகளின் தோலில் உண்டாக்கிய புண்களில் 0.2 விழுக்காட்டு ஏசியாட்டிகோசைடு நீர்மத்தை இட்டனர். ஆறிய தோலின் இழுவலிமை 57 விழுக்காடு மிகுந்தது. தோலுக்கு உரமூட்டும் கொலாஜனின் அளவைக் காட்டும் ஹைட்ராக்சிபுரோலினும் 56 விழுக்காடு கூடிற்று. புண் மூடிற்றா என்று கண்ணால் பார்த்து அமையாமல், மூடிய தோல் எத்துணை வலியது என்று அளந்தமையே இவ்வாய்வின் சிறப்பு. 2010இல் தாய்லாந்தில், நீரிழிவுப் புண்ணுடைய 200 பேரைக் கொண்டு நடத்திய ஆய்விலும், வல்லாரைச் சத்து அடங்கிய மாத்திரையை உட்கொண்டோரின் புண் விரைந்து சுருங்கியது.

இவற்றைக் கொண்டு, ‘வல்லாரையை அரைத்துக் கட்டினால் புண் ஆறும்’ என்று எழுதலாமா? எழுதலாகாது. முதல் ஆய்வில் இட்டது பிரித்தெடுத்த தனிப்பொருள். இட்டதும் விலங்கின் தோலில். இரண்டாவதில் அளவறிந்த மாத்திரை வாய்வழியே தரப்பட்டது. இரண்டிலும் பச்சிலை விழுது சோதிக்கப்படவில்லை. வல்லாரையோ ஈரமண்ணில் படரும் கொடி. இசிவு நோய்க் கிருமி தங்குமிடம் மண்ணே.

இது சொல்லாராய்ச்சி அன்று. உயிரைப் பற்றிய செய்தி. நீரிழிவு நோயாளியின் கால் பலவேளை உணர்ச்சி குன்றியிருக்கும். கட்டுரையை நம்பிப் பச்சிலையால் மூடிவைத்த புண் உள்ளே அழுகினாலும் வலி தெரியாது. மருத்துவமனைக்குச் செல்லும்போது, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை நேர்ந்துவிடலாம்.

ஆகவே மூலிகைப் பாடம் நடத்தும் ஆசிரியர், மாணவரை ஐந்து வினாக்கள் கேட்கப் பழக்குதல் நலம். எந்தச் செடி? அதன் எந்தப் பகுதி? எவ்வளவு? யாரிடம் சோதித்தனர்? எதனோடு ஒப்பிட்டனர்? முன்னோர் கண்டறிந்தது முதற்படி; அளந்தறிதல் அடுத்த படி. முதற்படியில் நின்றுகொண்டே மாடி ஏறிவிட்டதாகப் பறைசாற்றுதல் முன்னோர்க்குப் பெருமை தருவதாகாது.