வானவில் மட்டுமா வென்றது?

தேர்தல் பிரசாரத்தில் அச்சத்தை நம்பிக்கை வெல்லும் என்று வாதிடுவோர் தவறாமல் காட்டும் சான்று சிலி. சர்வாதிகாரி பினோசே மேலும் எட்டு ஆண்டுகள் நீடிக்கலாமா என்று 1988 அக்டோபர் 5 அன்று அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரு தரப்புக்கும் தொலைக்காட்சியில் 27 நாட்கள், தினமும் தலா 15 நிமிடம் கிடைத்தது.

அரசுத் தரப்பு அச்சத்தையே முதலாகப் போட்டது. பினோசேவுக்கு முந்தைய அதிபர் அயெந்தேயின் ஆட்சிக்காலத்துக் கடை வரிசைகளையும் தெருச் சண்டைகளையும் காட்டி, அந்த நாட்கள் திரும்பும் என்றது. எதிர்த்தரப்போ வானவில்லைச் சின்னமாக்கி, மகிழ்ச்சி வரப்போகிறது என்று பாடியது. ஏறத்தாழ 56 சதவீதம் பெற்று ‘இல்லை’ வென்றது.

இதே கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. ஆட்களைக் கொன்றும் காணாமல் ஆக்கியும் 15 ஆண்டுகள் நடந்த ஆட்சிக்கு 44 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். எல்லாமே பயந்து போட்ட வாக்குகள் அல்ல. பொருளாதாரம் அப்போது மீண்டிருந்தது. ஆனாலும் அயெந்தே காலத்துப் பற்றாக்குறையில் அல்லாடியவர்களுக்கு அந்த எச்சரிக்கை வெற்று மிரட்டலாகப் படவில்லை. அச்சப் பிரசாரத்தின் பலம் இதுதான்: பழைய நினைவைத் தொட்டால் போதும், எதையும் நிரூபிக்க வேண்டாம். பலவீனம், அதை யார் பேசுகிறார் என்பதில் இருக்கிறது. நெடுங்காலம் ஆண்டவரே குழப்பம் வரும் என்று பயமுறுத்தினால், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி எழும்.

‘இல்லை’ அணி எதிர்கொண்ட அச்சமோ வேறு: யாருக்கு வாக்களித்தோம் என்று தெரிந்துவிடுமோ, எண்ணும்போது மோசடி நடக்குமோ? இதைப் பாட்டு போக்கிவிடவில்லை. வாக்காளர் பட்டியலில் மக்களைச் சேர்க்க ஊர் ஊராக நடந்த உழைப்பும், வாக்கு ரகசியமானது என்ற இடைவிடாத விளக்கமும், எதிர்க்கட்சிகள் தனியே நடத்திய இணை எண்ணிக்கையும் போக்கின. பாப்லோ லரைனின் ‘நோ’ (2012) திரைப்படம் விளம்பரக்காரர்களை முன்னிறுத்தி இந்த உழைப்பை ஓரங்கட்டியது என்ற விமர்சனம் நியாயமானது.

அந்த அணி துயரத்தையும் மறைக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டுப் பெண்கள், துணையோடு ஆட வேண்டிய குவேக்கா நடனத்தைத் தனியாக ஆடியது அதே ஒளிபரப்பில் இடம்பெற்றது.

குறை வேறிடத்தில் இருந்தது. மகிழ்ச்சி என்றார்களே தவிர, யாருக்கு, எப்போது, எதை மாற்றி என்று தெளிவாகச் சொல்லவில்லை. சொல்லாததால்தான் கொள்கையில் ஒட்டாத கட்சிகள் ஒன்றாக நிற்க முடிந்தது. அதனாலேயே பின்னர் கணக்குக் கேட்பதும் கடினமானது. பினோசே 1998 வரை ராணுவத் தளபதியாக இருந்தார். அவர் காலத்து 1980 அரசமைப்பு திருத்தங்களோடு தொடர்ந்தது. 2019இல் மெட்ரோ கட்டணம் 30 பேசோ உயர்ந்தபோது தெருவில் இறங்கியவர்கள், பிரச்சினை 30 பேசோ அல்ல, 30 ஆண்டுகள் என்றார்கள்.

ஒரு பிரசாரம் மிரட்டுகிறதா, மகிழ்விக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. சொன்னது நடக்காவிட்டால் எதைக் காட்டித் தட்டிக்கேட்கலாம் என்றும் பார்க்க வேண்டும். சிலியின் அச்சப் பிரசாரம் அந்தச் சோதனையில் தோற்றது; வென்ற நம்பிக்கையும் முழுதாகத் தேறவில்லை.