பூனை முடியும் ஒரு ரேசரும்

குப்பைமேனி, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள். முகத்தில் பூனை முடி என்று வாயெடுத்தால் போதும், இந்த மூன்றும் வரிசையாக வந்து விழும். தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஏரியூர்ப் பக்கம் குப்பைமேனிக்குக் காசுகூட வேண்டாம். வேலியோரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும். மற்ற இரண்டும் நாட்டு மருந்துக் கடையில் பொடியாகவே கிடைக்கின்றன. ஆறு மாதம் விடாமல் பூசினால் முடி உதிர்ந்துவிடும் என்பார்கள். உதிரவில்லையா, நீ விடாமல் பூசவில்லை என்பார்கள். தோற்கவே வழியில்லாத மருந்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கோரைக்கிழங்கு எண்ணெயை வைத்து எகிப்தில் நடந்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. அக்குள் முடி குறைந்தது, பலன் லேசருக்கு அருகில் வந்தது என்று அதில் எழுதினார்கள். தாய்லாந்தில் மஞ்சள் குடும்பத்துக் கிழங்கு ஒன்றின் எண்ணெயை அதே அக்குளில் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். அங்கும் வளர்ச்சி கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால் அவர்கள் தடவியது வடித்தெடுத்த எண்ணெய். நாம் பூசுவது பொடி. தாய்லாந்துக் கிழங்கு கஸ்தூரி மஞ்சள் அல்ல, அதன் பங்காளி. இதைவிடப் பெரிய சிக்கல், சோதித்த இடம். அக்குள் முடி பருவ வயதில் ஆண் ஹார்மோனின் தூண்டுதலால் தடித்து வளர்வது. கன்னத்துப் பூனை முடி சின்ன வயதிலிருந்தே இருப்பது, அந்த ஹார்மோனை நம்பி நிற்காதது. அங்கே கிடைத்த பலனை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

பூசிப் பார்த்துவிட்டு முடி குறைந்தது என்று சொல்லும் பெண்கள் பொய் சொல்லவில்லை. காய்ந்த பூச்சைத் தேய்த்து எடுக்கும்போது கொஞ்சம் முடி பிய்ந்துகொண்டு வரும். மிச்சத்தில் மஞ்சள் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. அதாவது, வேலை செய்வது மூலிகை அல்ல, தேய்ப்பு. அந்தத் தேய்ப்புதான் எனக்குக் கவலை. நம்முடைய மாநிறத் தோலில் சிராய்ப்போ எரிச்சலோ வந்தால் சிவந்து ஆறுவதோடு நிற்காது. கறுப்புத் தழும்பாக மாதக்கணக்கில் தங்கிவிடும். முடி போய்க் கருமை வந்தால் என்ன லாபம்? எனவே எந்த முறையை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது, அது தோலை எவ்வளவு சீண்டுகிறது என்பதைத்தான். பிறகுதான் பலன், செலவு, பஸ் ஏறிப் போக வேண்டுமா என்பதெல்லாம்.

இந்த உரைகல்லில் தேய்த்தால் முதலில் நிற்பது பலருக்கும் பிடிக்காத பொருள்: ரேசர்.

"பொம்பளப் புள்ள முகத்துல பிளேடு வைக்கிறதா, மீசை மொளச்சிடும்" என்று வீட்டில் குரல் எழும். இந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடையாது. அமெரிக்க உடற்கூறு அறிஞர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928இலேயே ஆண்களின் முகச்சவரத்தை அளந்து பார்த்து, ஷேவ் செய்வதால் முடி தடிக்கவில்லை என்று எழுதினார். 1970இல் வெளியான இன்னொரு ஆய்வில் 5 இளைஞர்கள் ஒரு காலை மட்டும் வாரந்தோறும் ஷேவ் செய்தார்கள், மற்ற காலைத் தொடவில்லை; இரண்டு காலிலும் முடி ஒரே மாதிரிதான் இருந்தது. இரண்டும் சின்ன ஆய்வுகள், இரண்டுமே ஆண்களிடம் நடந்தவை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தோலுக்கு வெளியே நிற்பது உயிரில்லாத முடி. வளர்ச்சியைத் தீர்மானிக்கும் வேர் உள்ளே கிடக்கிறது, பிளேடு அதைத் தொடுவதே இல்லை. பழனியில் ஆண்டுதோறும் மொட்டை போடுகிறவர்களுக்கு முடி அடர்த்தியாகும் என்பது உண்மையானால், அவர்களில் ஒருவருக்கும் வழுக்கை விழக் கூடாது.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை இவ்வளவு உறுதியாக நிற்கிறது? பையன் முதல் ஷேவ் எடுக்கும் வயதும் மீசை தானாகத் தடிக்கும் வயதும் ஒன்றுதான். பழி பிளேடின் மேல் விழுந்தது. இன்னொன்று, இயல்பான முடி நுனியில் கூராக மெலிந்திருக்கும். வெட்டினால் நுனி மொட்டையாகும், தடவினால் நான்கு நாள் சொரசொரக்கும். பூனை முடியில் அந்தச் சொரசொரப்பும் சொற்பம்.

செய்யும் விதம் முக்கியம். முகத்துக்கென்றே விற்கும் ஒற்றை பிளேடு சின்ன ரேசர் ஃபேன்சி ஸ்டோரிலேயே கிடைக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் கழுவி, துடைத்து, கற்றாழை ஜெல்லோ மணமில்லாத க்ரீமோ மெல்லியதாகத் தடவ வேண்டும். இடது கையால் கன்னத் தோலைக் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்து, பிளேடைச் சாய்த்து, முடி படிந்திருக்கும் திசையிலேயே சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் வழித்தால் மழமழவென்று வரும், மறுநாள் பொரிப்பொரியாகவும் வரும். பருவோ புண்ணோ இருக்கும் இடத்தை விட்டுவிட வேண்டும். அப்பாவின் ரேசரை எடுக்கவே கூடாது; அக்கா தங்கைக்குள்ளும் பகிரக் கூடாது. நான்கைந்து முறைக்குப் பிறகு குப்பைக்கு. குறை என்ன? சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில், திரும்பச் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

பார்லர் த்ரெட்டிங் இதற்கு அடுத்த இடம். நூலை முறுக்கி, ஒரு முனையைப் பல்லில் கடித்து, மேலுதட்டில் ஓட்டும்போது கண்ணில் தண்ணீர் வரும். முடி வேரோடு வருவதால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். புருவத்துக்கும் மேலுதட்டுக்கும் இதைவிடக் கைகண்ட முறை இல்லை. முழுக் கன்னத்துக்கு வேண்டாம். ஆயிரம் சின்ன முடியை வேரோடு பிடுங்கினால் மயிர்க்கால் வீங்கிப் பரு மாதிரி கிளம்பும். த்ரெட்டிங் போட்ட இடத்தில் மரு பரவியதையும் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஓட்டிய நூல் இன்னொருவருக்கு வரக் கூடாது. வாயில் கடிக்காமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓட்டும் பழக்கம் சில பார்லர்களில் வந்திருக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம்.

வேக்சிங்கை முகத்துக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறிப்பாக, பருவுக்கு ட்ரெட்டினாய்ன், அடாபலீன் க்ரீம் போடுகிறவர்களுக்கு வேக்ஸ் துணியோடு தோலும் உரிந்து வரும். முடி நீக்கும் க்ரீம் காரத்தன்மை மிகுந்தது. முடியின் கெரட்டினைக் கரைக்கும் மருந்துக்குத் தோலின் கெரட்டின் வேறு என்று தெரியாது. முகத்துக்கென்று எழுதியிருக்கும் டியூபை, சொன்ன நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடமும் வைக்காமல் போட்டால் பரவாயில்லை. ப்ளீச் முடியை எடுப்பதே இல்லை. மாநிறக் கன்னத்தில் பொன்னிற முடி வெயிலில் இன்னும் பளிச்சென்று தெரியும்.

இனி லேசர். தருமபுரிக்கோ சேலத்துக்கோ பல தடவை பஸ் ஏறி, பணத்தைக் கட்டி, நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு போகிறார்கள். லேசர் ஒளி தேடுவது கறுப்பு நிறமியை. கரிய தடித்த முடி அதற்கு நல்ல இலக்கு. பூனை முடியில் நிறமியே சொற்பம். ஆனால் நம் தோலில் நிறையவே இருக்கிறது. ஆக, முடி தப்பித்துத் தோல் சுடுபடும். இன்னொரு வினோதம் 2002 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது: ஒளி பட்ட இடத்தைச் சுற்றிலும் மெல்லிய முடி தடித்துக் கறுப்பாக வளர்வது. இது அதிகம் வருவது முகத்திலும் கழுத்திலும், கருநிறத் தோலில், ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களுக்கு. கன்னத்துப் பூனை முடிக்கு லேசர் என்பது, விலை கூடிய முறைகளிலேயே மோசமான தேர்வு என்று தயங்காமல் சொல்வேன்.

நிரந்தரம் என்ற வாக்குறுதிக்குப் பழைய வரலாறும் நல்லதாக இல்லை. 1920களில் அமெரிக்க அழகு நிலையங்களில் எக்ஸ்ரே காட்டி முக முடியை அகற்றினார்கள். புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்து வந்தது. 1930களில் கோரெம்லு என்ற க்ரீமில் தாலியம் இருந்தது, எலி மருந்தில் போடும் விஷம். முடி உண்மையிலேயே உதிர்ந்தது. நரம்பும் கண்ணும் கூடவே போயின.

நம்மூரில் இன்றைய ஆபத்து வேறு வேடத்தில் வருகிறது. முகம் வெளுக்க என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் க்ரீம்களில் பல, மோமெட்டாசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்தவை. முதல் இரண்டு வாரம் முகம் மின்னும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், இரத்த நாளம் தெரியும், பரு கிளம்பும், அதோடு முகத்தில் முடியும் முளைக்கும். 2018இல் ஒன்றிய அரசு பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கவுண்டரில் கை நீட்டினால் வாங்கிவிடலாம் என்ற நிலை மாறவில்லை. திடீரென்று பூனை முடி அதிகமாகிவிட்டது என்று ஒரு பெண் சொன்னால், நான் கேட்கும் முதல் கேள்வி: எந்த க்ரீம் போடுகிறாய்? வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிட்டாய்ன் போன்ற சில மாத்திரைகளும் முடியை வளர்க்கும். அதைத் தானாக நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சொல்ல வேண்டும்.

இவ்வளவும் பூனை முடிக்கு. தாடையிலும் மேலுதட்டிலும் கழுத்திலும் கம்பி மாதிரி கறுத்த முடி வந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால், அது அழகு விஷயம் அல்ல. பெரும்பாலும் பிசிஓஎஸ் என்னும் சினைப்பைக் கோளாறாக இருக்கும். சில மாதத்திலேயே மளமளவென்று முடி தடித்து, குரலும் கனத்தால் தாமதிக்கவே கூடாது, ஹார்மோன் சுரக்கும் கட்டியா என்று பார்க்க வேண்டும். பென்னாகரம் அரசு மருத்துவமனையிலோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மகளிர் பிரிவில் காட்டலாம். முடியை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வெட்கப்பட வேண்டாம். மருத்துவர் பார்க்க வேண்டியதே அதைத்தான். மாத்திரை தொடங்கினாலும் முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதுவரை ரேசரைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஹார்மோன் கட்டுக்குள் வந்த பிறகு, தடித்துப்போன அந்த முடிக்கு லேசர் பொருத்தமான வழிதான். கருநிறத் தோலுக்கு ஏற்ற 1064 நானோமீட்டர் கருவி இருக்கிறதா என்று கேட்டு, காதோரம் ஓர் இடத்தில் சோதித்துச் சில நாள் பார்த்துவிட்டு, அதன் பிறகு பணம் கட்டலாம்.