மேஜைமேல் வைத்த பணம்

டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' வெளிவந்தது 1886ல். மரணத்தைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் இதற்குச் சமமாக இன்னொன்றைச் சொல்வது கடினம். ஆனால் கதையில் பணம் எங்கெங்கே வருகிறது என்று கவனித்துக்கொண்டே படித்தால் ஒரு விசித்திரம் தென்படுகிறது.

இவான் இலியிச் நீதி இலாகாவில் 5,000 ரூபிள் சம்பளக்காரன். அவன் இறந்த செய்தி வந்ததுமே, சகா ஒருவன் தனக்கு வரப்போகும் உத்தியோக உயர்வில் 800 ரூபிள் கூடும் என்று கணக்குப் போடுகிறான். மனைவி பிரஸ்கோவ்யா, கல்லறைக்கு இடம் 200 ரூபிள் என்று கேட்டு, மற்ற இடங்களின் விலையையும் விவரமாக விசாரிக்கிறாள். சர்க்காரிடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் பெயருமா என்று கண்ணீருக்கு நடுவே கணவனின் நண்பனைத் துருவுகிறாள். உயிரோடிருப்பவர்களின் போலித்தனத்தை அளக்க டால்ஸ்டாய்க்குக் கிடைத்த அளவுகோல் பணம்.

நோயாளியின் பக்கத்துக் கணக்கு என்ன? பிரபல டாக்டரைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது இவான் இலியிச் மேஜைமேல் பணத்தை வைக்கிறான். அரை வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது. பிறகு வேறு டாக்டர்கள், ஒரு ஹோமியோபதி வைத்தியர், அபினி, மார்பியா ஊசி எல்லாம் வருகின்றன, செலவு வருவதில்லை. 1880ல் சம்பளம் போதாமல் திண்டாடியவன்தான் அவன். ஆனால் நோய் வருவது சம்பளம் உயர்ந்த பிறகு. வலி தாங்காதபோது அவன் கால்களைத் தோளில் தாங்கிக்கொண்டு, சில இரவுகள் விடிய விடிய உட்கார்ந்திருக்கக் கெராஸிம் என்ற குடியானவ இளைஞன் இருக்கிறான். மலஜலம் எடுப்பவனும் அவனே. அற்புதமான பாத்திரம். ஆனால் கெராஸிமுக்கு மறுநாள் காலை ஆபீஸ் கிடையாது.

நோயின் பெயரை டால்ஸ்டாய் சொல்லவில்லை. புற்றுநோய் என்றே பல வாசகர்கள் கொள்கிறார்கள். அப்படியே கொண்டு, இவான் இலியிச்சை நம் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் படுக்க வைத்துப் பார்க்கலாம். நோய் பரவிவிட்டது, இனி குணமாகாது, நாட்களை நீட்டலாம் என்கிறார் டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வெளியூர் போகவேண்டும். ரயிலில் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரிக்கு எதிரே எடுக்கும் லாட்ஜ் அறைக்குக் கிடையாது. அரசுக் காப்பீட்டின் வருமான வரம்புக்குச் சற்றே மேலே நிற்கிற குடும்பம். மகனுக்குச் சம்பளமில்லாத லீவு. மருமகளின் வளையல்கள் பாங்கில். கெராஸிமின் ஸ்தானத்தில் அறுபது வயது மனைவி, தன் முதுகுவலியோடு.

இங்கே பிரஸ்கோவ்யாவின் கேள்விக்கு அர்த்தமே மாறிவிடுகிறது. குடும்ப ஓய்வூதியம் எவ்வளவு வரும் என்று விசாரிக்கும் நம் வீட்டுப் பெண்ணைக் கபடக்காரி என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவள் கேட்காவிட்டால் அடுத்த மாத வாடகையை யார் கொடுப்பது?

ஸோல்ஷெனித்ஸினின் 'புற்றுநோய் வார்டு' 1955ம் வருஷத்துக் கதை. நடப்பது தாஷ்கண்ட் ஆஸ்பத்திரியில். வைத்தியத்துக்குக் காசில்லை. ஆனால் கட்டிலுக்குக் கணக்கு உண்டு. இனிக் குணமாகாது என்று வெளியே அனுப்பப்பட்ட பொத்துயேவ் ரயில் நிலையத்திலேயே செத்துப்போகிறான். மருந்து இலவசமாகிவிட்டால் நோயாளியின் கஷ்டம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைப் படிக்கவேண்டும்.

இவான் இலியிச்சை மிகவும் வதைத்தது சுற்றியிருந்தவர்களின் பொய். அவன் சாகவில்லை, வெறும் நோயாளிதான் என்று எல்லாரும் பாவனை செய்கிறார்கள். நம் வீடுகளில் அதோடு இன்னொரு பொய்யும் உண்டு. "பணத்தைப் பற்றி நீங்க நினைக்காதீங்கப்பா" என்கிறான் மகன். அதை நம்பிவிட்டதாகக் காட்டிக்கொள்கிறார் அப்பா. 'நான் வாழ்ந்த வாழ்க்கை சரிதானா?' என்பது இவான் இலியிச்சின் கேள்வி. 'இன்னும் எத்தனை நாள் இவர்களுக்குச் செலவாக இருப்பேன்?' என்பது இந்த அப்பாவின் கேள்வி. இது முன்னதைவிடச் சின்னக் கேள்வி என்று நான் ஒப்பமாட்டேன். அந்த மகனின் பொய் அன்பிலே பிறந்தது. டால்ஸ்டாய் வெறுத்த பொய்யோடு அதைச் சேர்க்க முடியாது. அதைப் பற்றி எழுத வருகிறவர், டால்ஸ்டாய் அரை வாக்கியத்தில் விட்டுப்போன அந்தப் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.