பொன்னியின் செல்வன்: கரிகாலன் கொலையும் வாசகர் விமர்சனமும்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வெளிவந்த வரலாற்று நாவல். இந்நாவலைப் பற்றிக் கல்விப்புல ஆய்வாளர்கள் எழுதியதைவிட வாசகர்கள் தமக்குள் பேசியும் எழுதியும் வளர்த்த விமர்சனமே அளவில் பெரிது. குந்தவையா நந்தினியா, வந்தியத்தேவனா அருள்மொழியா என்று திண்ணையிலும் வகுப்பறையிலும் இரயில் பெட்டியிலும் மூன்று தலைமுறைகளாக வாதம் நடந்திருக்கிறது. மணிரத்னம் இயக்கிய திரைப்படத்தின் இரு பாகங்கள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தபோது, நாவலை வாசிக்காதவர்களும் அந்த வாதத்தில் சேர்ந்துகொண்டனர்.

இவ்வகை விமர்சனம் கல்கியின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. தொடர் முடிந்தவுடன், கதை சட்டென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டனர். நூலின் முடிவுரையில் கல்கி அக்குறைக்குப் பதில் கூறுகிறார். வரலாற்று நாவலில் எல்லா முடிச்சுகளையும் கடைசி அத்தியாயத்தில் அவிழ்த்துவிட முடியாது என்று விளக்கிவிட்டு, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்னும் கேள்விகளுக்கும் விடை தருகிறார். ரசிகர்களின் கேள்விக்கு விடை சொல்லும் பகுதி நூலுக்கு உள்ளேயே இடம்பெற்றிருப்பது தமிழ் நாவல்களில் அரிது.

வாசகர்கள் அதிகம் விவாதித்த பொருள் ஆதித்த கரிகாலனின் கொலை. வரலாற்றில் இதற்குச் சான்று மிகக் குறைவு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரை அது குறிப்பிடுகிறது. அவர்களும் அவர்களுடைய உறவினரும் உடைமை இழந்த செய்தியையும் தருகிறது. கொலையைத் தூண்டியவர் யார், காரணம் என்ன என்பவை அதில் இல்லை. உத்தம சோழன் ஆண்ட காலம் முழுவதும் கொலையாளிகள் தண்டிக்கப்படவில்லை என்பதை வைத்து கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அவன்மீது ஐயம் கொண்டார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை.

நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவள் கல்கியின் படைப்பு. எனினும் வாசகர் விவாதங்களில் ரவிதாசனும் நந்தினியும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றனர். 'நந்தினிதான் கொன்றாள் என்று வரலாறு சொல்கிறது' என்று தயங்காமல் எழுதுவோர் உண்டு. மாணவர்களிடமும் இக்குழப்பம் பரவலாகக் காணப்படுகிறது. நாவலாசிரியரின் திறமைக்கு இதைச் சான்றாகச் சொல்லலாம். தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

ரசிக விமர்சனம் வரலாற்றைத் தொடும் இடத்தில் இப்படித் தடுமாறுகிறது. கதையமைப்பைத் தொடும்போது அது கூர்மையானது. நாவலின் மீது வாசகர்கள் அடிக்கடி சொல்லும் குற்றச்சாட்டு ஒன்று: எல்லோரும் எல்லா இரகசியங்களையும் ஒட்டுக்கேட்கிறார்கள். கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் நள்ளிரவில் கூடிச் சதி பேசுவதை வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்கிறான். அதன் பின்னும் மரத்தின் பின்னால், மண்டபத்து இருளில், சுரங்க வழியில் என்று அவன் ஒளிந்து நிற்காத இடம் குறைவு. வாரந்தோறும் ஒரு திருப்பம் தேவைப்பட்ட தொடர்கதையின் வசதி இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் இதே குறையை வைத்துக் கொலைக் காட்சியைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கொலை நடப்பதும் அதே கடம்பூர் மாளிகையில்தான். நந்தினியின் அறைக்குள் வந்தியத்தேவன் வழக்கம்போல் ஒளிந்திருக்கிறான். நாவல் நெடுகிலும் பார்க்கக்கூடாததையெல்லாம் பார்த்தவன், கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டவன், பார்த்தே ஆகவேண்டிய அந்த ஒரு கணத்தைப் பார்க்கவில்லை. விளக்கு அணைகிறது, அவனும் செயலிழக்கிறான். மீண்டும் வெளிச்சத்தில் கிடப்பது கரிகாலனின் உடல். எந்தக் கண்களின் வழியாக வாசகர் இவ்வளவு தூரம் கதையைக் கண்டாரோ, அந்தக் கண்களைக் கல்கி அங்கே மூடிவிட்டார். கல்வெட்டு தராத விடையைத் தாமும் தரக்கூடாது என்னும் நேர்மை இதில் இருக்கிறது. 'கல்கி ஏமாற்றிவிட்டார்' என்னும் பழைய புகார் இந்த இடத்தில் நிற்காது.

இதன் பிறகு வருவதுதான் நாவலின் மிக நுட்பமான பகுதி. 'கொன்றது யார்' என்னும் துப்பறியும் ஆர்வத்தில் பலரும் இதைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். வழக்கமான கொலைக் கதையில் எல்லோரும் 'நான் இல்லை' என்பார்கள். இங்கே நடப்பது நேர்மாறு. பழி வந்தியத்தேவன்மீது விழுந்து அவன் சிறையில் அடைக்கப்பட்டதும், கடம்பூர் சம்புவரையரின் மகள் மணிமேகலை, இளவரசரைக் கொன்றவள் தானே என்கிறாள். பெரிய பழுவேட்டரையர், கரிகாலன் சாவுக்குத் தம் கைக்கத்தியே காரணம் என்று அறிவிக்கிறார். அந்த வாக்குமூலத்தை அப்படியே நம்பலாமா என்பதில் வாசகர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. உண்மையில் சதி செய்த ரவிதாசன் கூட்டம் தப்பி ஓடுகிறது. செய்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் அன்பாலோ மான உணர்வாலோ அப்படிச் சொல்கிறார்கள். குற்றத்தை ஏற்கும் விதத்தைக்கொண்டே ஒவ்வொருவரின் குணமும் வெளிப்படுகிறது.

திரைப்படம் பற்றிய ரசிகர்களின் மனக்குறை இந்த இடத்தில்தான் பொருளுடையதாகிறது. படத்தில் மணிமேகலை இல்லை. நாவலில் செம்பியன் மாதேவியின் உண்மை மகன் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன் என்று வெளிப்படும். அந்த ஆள்மாறாட்ட முடிச்சும் படத்தில் இல்லை. இரண்டாவது மாற்றத்தை ஏற்பது எளிது. உத்தம சோழன் என்று வரலாறு அறிந்த ஒருவனுக்காகக் கல்கி இரண்டு மதுராந்தகர்களைப் படைத்தார். திரையில் ஒருவரே போதும் என்று இயக்குநர் முடிவு செய்ததில் தவறில்லை. ஐந்து பாக நாவலை இரண்டு படங்களில் சொல்லும்போது ஏதாவது போகத்தான் செய்யும்.

மணிமேகலையை நீக்கியது அப்படிப்பட்டதல்ல. அரியணைப் போட்டியில் அவளுக்குப் பங்கில்லை. ஆகவே கதைச்சுருக்கம் எழுதுபவர் முதலில் விடுவது அவளைத்தான். ஆனால் நாவலில் வஞ்சமும் கணக்கும் இல்லாமல் ஒருவனை விரும்பும் பெண் அவள் ஒருத்தியே. நந்தினியின் அன்பில் பழி கலந்திருக்கிறது, குந்தவையின் அன்பில் அரசியல் கலந்திருக்கிறது, வானதியின் அன்பில்கூட ஒரு சபதம் குறுக்கே வருகிறது. மணிமேகலை, தன்னை விரும்பாத ஒருவனுக்காகக் கொலைப்பழியை ஏற்க முன்வருகிறாள். சித்தம் கலங்கி, இறுதியில் அவன் மடியில் உயிர் விடுகிறாள். நாவலின் கடைசி அத்தியாயம் முடிசூட்டு விழாவோடு முடியவில்லை, அவளுடைய சாவோடு முடிகிறது. கல்கி தம் கதையை எங்கே நிறுத்த விரும்பினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை.

அவள் இல்லாத திரைக்கதையில் கரிகாலனின் மரணம் அவனுக்கும் நந்தினிக்கும் இடைப்பட்ட பழைய காதலின் முடிவாகச் சுருங்குகிறது. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் அக்காட்சியை வலுவாகவே நடித்திருக்கின்றனர்; தனியாகப் பார்த்தால் அது நல்ல காட்சி. நாவலில் அந்த மரணம் அறைக்கு வெளியே பரவிச் சம்பந்தமில்லாதவர்களையும் தொட்டு எரிக்கிறது.

நந்தினி பற்றிய விவாதத்திலும் பாதி இதே வகையானது. வீரபாண்டியன் அவளுக்குக் காதலனா, தந்தையா என்னும் கேள்வி வாசகர்களிடையே நெடுநாளாக உண்டு. கரிகாலன் சொல்லும் கதையில் அவன் அவளுடைய காதலன். பின்வரும் பகுதிகளில் தந்தை என்னும் முடிவை நோக்கிக் கதை சாய்கிறது. இதைத் தொடர்கதை எழுதும் அவசரத்தில் நேர்ந்த முரண் என்பாரும், திட்டமிட்ட மயக்கம் என்பாரும் இருக்கின்றனர். முதல் கருத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. ஆனால் நந்தினிக்கே தன் பிறப்பு தெரியாது என்பதை மனத்தில் கொண்டால், அவள் வாய்ச்சொல் மாறுவதில் வியப்பு இல்லை. யாருடைய மகள் என்று தெரியாதவள் கடைசிவரை பிறர் தந்த உறவுப் பெயர்களைக் கொண்டே பழிவாங்குகிறாள். 'வில்லி' என்று அவளுக்கு ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதும் வாசகர்கள், அவளைக் கண்டு பெரிய பழுவேட்டரையர் நிலைகுலையும் பக்கங்களை மறுபடி ஒருமுறை வாசிக்கலாம்.