கதையில் ஓடும் மோட்டார் சைக்கிள்

நம் கதைகளில் மோட்டார் சைக்கிள் வருவது இரண்டே காரியங்களுக்கு: கதாநாயகியை ஏற்றிக்கொள்ள, இல்லையேல் கதாநாயகனைச் சாகடிக்க. 1960களில் நடப்பதாக வரும் நாவல் ஒன்றில் புல்லட்காரன் இடது காலால் கியர் மாற்றுகிறான். 1955இல் சென்னையில் பூட்டத் தொடங்கிய அந்த வண்டிக்கு அக்காலத்தில் கியர் வலப்புறம். இடது காலுக்குப் பிரேக். மைசூர் ஜாவாவிலோ உதைத்துக் கிளப்பும் லீவரே கியருக்கும்! அற்ப விஷயம்தானே என்பீர்கள். ராஜ்தூத், புல்லட் இரண்டும் வைத்திருந்து, இன்னும் ஜாவாவுக்கு ஏங்கும் தொண்டாமுத்தூர் வாழைத் தோட்டக்காரர் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார். "எழுதுனவரு வண்டியத் தொட்டதே இல்லீங்க" என்றார். விமரிசனம் அதுதான். ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வெள்ளைக்காரரின் ரட்ஜ் வண்டியை வாங்கி, அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டிய கோவை ஜி. டி. நாயுடுவின் ஆசை, நம் நாவலாசிரியர் ஒருவர் கண்ணிலும் படவில்லையா?